தம்பி பார்த்த பீஸ்

எனக்கு வாய் நீளம். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வதுதான், நானும் மறுத்ததில்லை. பனியன் கம்பெனியில் இருபது வருஷம் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவள் நான். வரிசையாக மிஷின்கள் ஓடும்போது தொண்டையைத் திறந்து பேசினால்தான் அடுத்த டேபிளுக்குக் கேட்கும். மூட்டுவலி வந்து வேலையை விட்ட பிறகும் தொண்டை அப்படியே இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் இடித்து நுழைகிறவர்களை விரட்டவும், நிறுத்தாமல் போகிற பஸ்ஸை நிறுத்தவும் அது எவ்வளவோ உதவியிருக்கிறது. ஒரே ஒரு நாள் அது என் தம்பிக்கு எதிராகத் திறந்தது. அதற்குப் பிறகு பழைய தம்பியை நான் பார்க்கவில்லை.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அவனும் தையல்காரன்தான். ஓவர்லாக் மிஷினில் அவன் கை ஓடுகிற வேகத்தைப் பார்க்க மற்ற லைனிலிருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். இருபத்து மூன்று வயதில் அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிள் இருக்கிறதே, எப்படித் துவைக்க வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அதில் தன்னைப் பற்றி எழுதி ஊர் ஊராக அனுப்புகிறார்கள் என்று நம்பினான். ஒரு நாள் தைத்து வைத்திருந்த பனியன்களின் லேபிளை எல்லாம் கத்தரித்துப் போட்டுவிட்டு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டான். அன்றோடு அந்த வேலை போயிற்று.

பிறகு கோயில், மந்திரித்த கயிறு, ஆஸ்பத்திரி என்று எல்லோரும் போகிற வழியில் நாங்களும் போனோம். மாத்திரை கேட்டது. காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் அந்த ஓவர்லாக் கை திரும்பி வரவில்லை. ஒரு வேலையை ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவான், எதில் நின்றான் என்பதும் அவனுக்குத் தெரியாது. அம்மா போன பிறகு வீரபாண்டியில் இருக்கிற என் வீட்டுக்கு அவனைக் கூட்டிவந்தேன். என் வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் அதிகம் பேசமாட்டார். அவர் பேச வேண்டியதையும் நானே பேசிவிடுவதால் தனக்கு முறை வரவில்லை என்பார். தம்பி பையோடு வந்து நின்ற அன்று முன்னறையில் அவனுக்குக் கட்டில் போட இடம் ஒதுக்கியது அவர்தான்.

வீட்டிலிருந்தபடி நான் செய்வது செக்கிங் வேலை. தைத்து முடித்த பனியன்களைக் கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஒவ்வொரு பீஸிலும் தொங்குகிற நூலை வெட்டிவிட்டு, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். நல்ல பீஸை மடித்துக் கட்ட வேண்டும். தம்பி வந்த இரண்டாம் மாதம், தானும் செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்தான். பொழுது போகட்டும் என்று நானும் ஒரு கத்தரியைக் கொடுத்தேன். அவன் அதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

காலை எட்டரைக்குள் குளித்து, சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, தலையைப் படிய வாரி நிற்பான். கழுத்தில் பழைய கம்பெனியின் அடையாள அட்டைக் கயிறு. அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது, கயிறு மட்டும் மிச்சம். சமையலறையில் நாலு இட்லி தின்றுவிட்டு, "வேலைக்குப் போயிட்டு வர்றனக்கா" என்று சொல்லிக்கொண்டு பத்தடி நடந்து முன்னறைக்கு வருவான். நான் பாத்திரம் கழுவிவிட்டு ஒன்பது மணிக்குப் போனால் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பான். இப்படி லேட்டாக வந்தால் எனக்கு அரை ஷிஃப்ட்தான் போடுவார்கள் என்று எச்சரிக்கை வேறு. ஞாயிற்றுக்கிழமை மூட்டைப் பக்கமே திரும்பமாட்டான், லீவு. சிரிப்பு வரும். ஆனால் பெருமையாகவும் இருக்கும். எங்கள் தெருவில் அவனைவிடப் புத்தி தெளிவாக உள்ள எத்தனையோ பேர் பதினோரு மணிக்கும் கைலியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அவன் பீஸ் பார்க்கிற விதமே தனி. நான் டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து பார்ப்பேன். அவன் ஒவ்வொரு பீஸையும் எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போவான். வெயிலில் தூக்கிப் பிடித்து முதலில் கழுத்து, பிறகு வலது தோள், வலது கை என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வருவான். கழுத்து லேபிள் வரும்போது மட்டும் எழுத்து உள்பக்கம் போகும்படி கட்டைவிரலால் திருப்பிவிடுவான். கடைசியில் "பாஸ்" என்று சொல்லி மடிப்பான். ஒரு பீஸுக்கு இத்தனை நடை எதற்கு, வெயிலில் நிற்காதே என்று நான் கத்துவேன். அவன் காதில் போட்டுக்கொள்ளமாட்டான். நோயின் மிச்சம் மீதி என்று நானும் விட்டுவிட்டேன்.

அவன் பார்த்த பீஸ்கள் சரியாக இருக்காது. வலது கையில் ஒழுங்காக ஆரம்பிப்பவன் இடது கைக்கு வருவதற்குள் மனம் வேறெங்கோ போய்விடும். நூல் அப்படியே தொங்கும். முதல் மாதம் அவன் கட்டிய கட்டுகள் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. அதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் தினமும் நாலு மணிக்கு டீக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். அங்கே சாயப்பட்டறையில் வேலை செய்கிற வடநாட்டுக்காரர்களிடம் அரைகுறை இந்தி பேசுவான், தான் செக்கிங்கில் இருப்பதாகச் சொல்வான், அவர்களும் பையா, அதாவது அண்ணா, என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் கட்டியதை எல்லாம் நான் அவிழ்த்து, நூல் வெட்டி, மறுபடி பார்த்து, அவன் மடிக்கிற மாதிரியே மடித்து, அவன் போடுகிற முடிச்சையே போட்டு வைத்துவிடுவேன்.

நல்ல பீஸிலும் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பான். ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் டியூப் லைட்டில் உற்றுப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு உரித்துவிடுவேன். உரித்ததைக் குப்பையில் போட்டால் கண்டுபிடித்துவிடுவான் என்று பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்தேன். எட்டு வருஷத்தில் அந்தக் கதவு முழுக்கச் சிவப்பு அம்புகள். அவனுக்கு ஒரு வேலை, எனக்கு இரண்டு வேலை என்று வீட்டுக்காரரிடம் அலுத்துக்கொள்வேன். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. என்னைப் போல ஒரு அக்கா யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொள்வேன், பொய் சொல்வானேன்.

என் முழங்கால் முடங்க ஆரம்பித்த வருஷம், எங்களுக்குப் பிறகு இவனுக்கு என்ன என்ற பயம் வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாற்றுத்திறனாளி சான்று வாங்கிவிட்டால் மாதாமாதம் ஒரு தொகை வரும், பஸ் பாஸ் கிடைக்கும், நாளைக்கு ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்ப்பதானாலும் அந்த அட்டைதான் உதவும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவளுடைய மாமனாருக்கு வாங்கியிருக்கிறாள். அவள் இன்னொன்றும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டு எத்தனை சதவீதம் முடியாதவர் என்று மார்க் போடுவார்கள், நாற்பதுக்கு மேல் வந்தால்தான் பலன், அதனால் நோயாளியைப் பேசவிடாதே, முடியாது முடியாது என்று நீயே சொல்லிவிடு என்றாள். இதில் என்ன தப்பு என்றுதான் எனக்கும் பட்டது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அவனுக்குப் பாடம் நடத்தினேன். எல்லாம் நானே செய்வேன் என்று சொல்லக் கூடாது, முடியவில்லை என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் அட்டை தருவார்கள் என்றேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் சட்டையை உள்ளே விட்டு, கயிறு போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"முடியறத எப்பிடிக்கா முடியாதுங்கறது?" என்று கேட்டான்.

எனக்கு எரிச்சல் வந்தது. சரி, நீ வாயைத் திறக்காமல் உட்கார், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

மனநலப் பிரிவு டாக்டரம்மா இளம் வயதுக்காரர். நிதானமாகப் பேசினார். மாதாமாதம் மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர்தான், எங்களை நன்றாகத் தெரியும். ஆனால் அவர் கேள்வியை அவனைப் பார்த்துக் கேட்டார். தினமும் குளிப்பீர்களா என்றார். குளிப்பேன் என்றான். தனியாக வெளியே போவீர்களா என்றார். போவேன் என்றான். மாத்திரையை மறக்காமல் போடுவீர்களா என்றார். அதற்கும் போடுவேன் என்றான். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தாளில் ஏதோ குறித்தார். இப்படியே போனால் நாற்பது எங்கே வருவது?

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"செக்கிங்குங்க. கம்பெனி பீசு. தெனமும் ஒரு ஷிஃப்ட்டுங்க."

"தனியாவா?"

"அக்காளும் இருக்குதுங்க. அது கொஞ்சம் லேட்டாத்தான் வரும்ங்க."

டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதக் குனிந்தார். அந்தப் பேனா தாளைத் தொடுவதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

"பொய் சொல்லாத கண்ணு. டாக்டரம்மா எழுதறாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாலு தடவை கத்தினால்தான் குளிப்பான் என்றேன். அது பொய், இரண்டு தடவைதான். மாத்திரையை நான் கையில் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவான் என்றேன். அது உண்மை. தனக்கு நோய் இருப்பதே இவனுக்குத் தெரியாது என்றேன். பிறகு வேலைக்கு வந்தேன். இவன் செய்வது வேலையே இல்லை, ஒரு பீஸ்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது, இவன் டீக்கடைக்குப் போன பிறகு எல்லாவற்றையும் நான் அவிழ்த்து மறுபடி செய்துதான் அனுப்புகிறேன், எட்டு வருஷமாக அப்படித்தான் என்றேன். அந்த வாரம் ஒரு கருநீலப் பனியன் லோடு வந்திருந்தது. நேற்றுக்கூட நல்ல பீஸ்களில் வரிசையாக வலது கையில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறான், உட்கார்ந்து உரித்து உரித்து என் நகம் போயிற்று என்று விரலை நீட்டிக் காட்டினேன். டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையை ஒருவன் சரிபார்ப்பது மாதிரி என் முகத்தைப் பார்த்தான்.

"எல்லாப் பீசுமாக்கா?"

"எல்லாந்தான்" என்றேன்.

அடுத்து வந்த கேள்விகளுக்கு டாக்டரம்மா அவனைப் பார்த்தார், அவன் என்னைப் பார்த்தான், நான் சொன்னேன். திரும்பி வருகிற பஸ்ஸில் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெயிலுக்குக் கசகசப்பாக இருக்கும், அதனால் கழற்றுகிறான் என்று நினைத்தேன். நல்லபடியாக முடிந்தது என்ற சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவனுக்கு ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் எட்டரைக்கு அவன் எழவில்லை. ஒன்பதரைக்குப் போய் எழுப்பினேன். வேலைக்கு வரவில்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நீதான் எல்லாம் பாத்துக்கறியே" என்றான்.

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அன்றைக்கு மத்தியானம் வந்து உட்கார்ந்தான், கத்தரியை எடுத்தான், ஒரு பீஸின் நூலை வெட்டினான். வெட்டிவிட்டு என்னிடம் நீட்டினான். சரியாக இருக்கிறது என்றேன். அடுத்ததையும் நீட்டினான். அதையும் சரி என்றேன். அவன் வாசலுக்குப் போகவே இல்லை. பாஸ் என்ற சொல்லும் வரவில்லை. நாலு மணி ஆனதும் எழுந்து நின்று, "நீ பாக்கறதுக்கு நா வெளிய போகோணுமாக்கா?" என்று கேட்டான். நான் கையிலிருந்த பனியனை மடிக்க ஆரம்பித்தேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்த் தெரு முனையில் நின்றுவிட்டு வந்தான். டீக்கடைக்குள் போகவில்லை என்பதைக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் வேலை. பிறகு டீக்கடை. பிறகு சட்டையை உள்ளே விடுவது. குளித்துவிட்டு வந்து, குளித்தது போதுமா என்று என்னிடம் கேட்பான். சோறு தட்டில் இருக்கும், இன்னும் கொஞ்சம் சாப்பிடலாமா என்று கேட்பான். இத்தனை வருஷம் தன்னை ஒரு வேலைக்காரனாக நினைத்துக்கொண்டு அந்த நினைப்பிலேயே எழுந்து குளித்து நடந்தவன், அந்த நினைப்பு போனதும் கட்டிலை விட்டு இறங்க ஒரு காரணம் இல்லாமல் படுத்திருந்தான். அவன் தன்னைப் பற்றி நினைத்தது முழுக்கச் சரியில்லைதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவன் நடந்துகொண்டிருந்தான் என்பது எனக்குப் புரிய அவன் விழ வேண்டியிருந்தது.

நோய் முற்றிவிட்டதோ என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

அட்டை வந்தது. தற்காலிகச் சான்று, ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, அறுபது போட்டிருக்கிறார்களே, கெட்டிக்காரி நீ என்றாள். தம்பி அட்டையை வாங்கித் தன் போட்டோவைப் பார்த்தான். பிறகு சதவீதத்தைப் படித்தான். அறுபது போக மிச்சம் நாற்பது இருக்கிறதா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனி சூப்பர்வைசர் ஆட்டோவில் மூட்டைகளோடு வந்தார். அந்தக் கருநீல லோடு திரும்பி வந்திருந்தது. வாங்குகிறவர்களின் ஆள் வந்து பார்த்து, ஷேடு அடிக்கிறது என்று நிறுத்திவிட்டாராம். உடம்புத் துணி ஒரு சாயத்திலும் கைத்துணி வேறொரு சாயத்திலும் நனைந்திருந்தால் நிறம் ஒரு பொட்டு மாறும், அதைத்தான் எங்கள் ஊரில் ஷேடு என்போம். கட்டிங்கில் கலந்துவிட்டது, எல்லாம் வலது கை, ரூமுக்குள் லைட்டில் யாருக்கும் தெரியவில்லை, வெளியே எடுத்துப் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, நீங்களும் கவனிக்கவில்லையா அக்கா என்று கேட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. கம்பெனியில் இருபது பேர் கண்ணிலும் படாதது என் கண்ணில் படவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அவர் போன பிறகு ஒரு பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தம்பி நிற்கிற இடத்தில் நின்று, அவன் பிடிப்பது போலத் தூக்கிப் பிடித்தேன். வலது கை மட்டும் கொஞ்சம் செம்பு ஓடிய நீலம். உள்ளே வந்து பீரோ கதவைத் திறந்தேன். கடைசியாக ஒட்டிய வரிசைகளில் அந்த வாரத்து ஸ்டிக்கர்கள் இருந்தன. எதைக் காட்டி ஒட்டினான் என்று பார்க்காமலே நான் உரித்து வைத்த அம்புகள். எட்டு வருஷத்து அம்புகளில் இன்னும் எத்தனை சரியானவை என்று இனி யார் சொல்ல முடியும்? அந்தப் பனியன்கள் எந்தெந்த நாட்டில் யார் யார் உடம்பில் கிழிந்து போயினவோ. வலது கை வரைக்கும் அவன் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறான். இடது கையில் தவறவிட்டதை வைத்து வலது கையையும் நான் சேர்த்துக் கழித்துவிட்டேன்.

அப்போதுதான் லேபிளும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பீஸிலும் அந்த எழுத்தை உள்பக்கம் திருப்பிவிடுவானே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன்னை எது கெடுத்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதன் பக்கம் போகாமல் இருக்கத் தானே ஒரு வழி செய்துகொண்டிருக்கிறான். தனக்கு நோய் இருப்பதே அவனுக்குத் தெரியாது என்று டாக்டரம்மாவிடம் சொன்னவள் நான். பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எழுப்பி உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். நீ ஒட்டியது அத்தனையும் சரி, நான்தான் தப்பு செய்தேன், கம்பெனியிலேயே யாருக்கும் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கிறது என்றேன். அவன் கேட்டுக்கொண்டான்.

"என்னயத் தேத்தறதுக்குச் சொல்றியாக்கா?"

இல்லை என்று அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனேன். பனியனை வெயிலில் விரித்துப் பிடித்தேன். நல்ல பதினோரு மணி வெயில். வலது கையைத் தொட்டுக் காட்டி, பார், பார் என்றேன். அவன் வெகுநேரம் பார்த்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றான்.

மாத்திரையின் வேலையோ, மனம் விட்டுப்போனதோ, என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொன்னானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் உள்ளே போய்விட்டான். சூப்பர்வைசரையே கூட்டிவந்து அவனிடம் பேசவைத்தேன். அவரும் நல்ல மனுஷன், உங்களைப் போல ஆள்தான் கம்பெனிக்கு வேண்டும் என்று சொன்னார். தம்பி கைகூப்பி நன்றி சொன்னான். அவர் போனதும், அவருக்கு ஒன்றும் தெரியாது, நீ பார்த்த பிறகுதானே அவருக்குப் பீஸ் போகிறது என்றான். சரியாகத்தான் சொன்னான். இப்போதெல்லாம் அவன் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்கிறான்.

வருஷம் முடிந்ததும் சான்றுக்காக மறுபடி போனோம். அதே அறை, அதே டாக்டரம்மா. அதே கேள்விகளை அவனைப் பார்த்துக் கேட்டார். தினமும் குளிப்பீர்களா என்றார். அக்கா சொன்னால் குளிப்பேன் என்றான். தனியாக வெளியே போவீர்களா என்றார். போவதில்லை என்றான். வேலை என்று கேட்டபோது, முன்னால் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதை எல்லாம் அக்காதான் செய்தது என்றான். டாக்டரம்மா பழைய தாள்களைப் புரட்டினார். போன தடவைக்கு இந்தத் தடவை தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார் என்று என்னிடம் சொன்னார். பிறகு அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனம் கனமாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, இவரால் என்னென்ன முடியும் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

அட்டை போனால் போகட்டும் என்று முடிவு செய்துதான் நான் போயிருந்தேன். அவன் நல்ல செக்கிங் ஆளுங்க என்றேன். கம்பெனிக்கே தெரியாத ஷேடைக் கண்டுபிடித்தான் என்றேன். எட்டு வருஷம் ஒரு நாள்கூட லேட்டாக வேலைக்கு வந்ததில்லை, நான்தான் லேட்டாக வருவேன் என்றேன். லேபிளைத் திருப்புவதைப் பற்றிச் சொன்னேன். என் நீண்ட வாயால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

தம்பி என் கையைத் தொட்டான். சின்ன வயதில் நான் பயந்தால் தொடுவானே, அப்படி மெல்லத் தொட்டான்.

"பொய் சொல்லாதக்கா" என்றான். "டாக்டரம்மா எழுதறாங்க."